மூடுபனியில் நிழல்: நீலகிரிப் பள்ளிகளில் நிலைப்பொருள் வரைதல்

ஜூலை மாத ஊட்டி. மேசைமேல் கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனைந்த மண்பானை ஒன்று, பக்கத்தில் மூன்று பேரிக்காய். சன்னலுக்கு வெளியே மூடுபனி. மாணவி ஒருத்தி பானையின் வலப்பக்கம் நீண்ட நிழலை 6பி பென்சிலால் அழுத்தித் தீட்டுகிறாள். மேசையில் அப்படி ஒரு நிழலே இல்லை. பாடத்தில் கேட்ட நிழலை அவள் வரைகிறாள்.

இதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. ஒளி ஒரு பக்கம், நிழல் மறுபக்கம் என்ற விதி வெயில் காயும் சமவெளி வகுப்பறைக்குப் பொருந்தும். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, கைத்தொழிலை வளர்க்க எழுந்தது. வரைதல் அங்கே கையைப் பழக்கும் பயிற்சி. அந்த நோக்கின் சாயல் மாடல் டிராயிங் எனப்படும் நிலைப்பொருள் வரைதல் வகுப்புகளில் இன்னும் நீங்கவில்லை என்பது என் கருத்து. கோடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். பொருளைப் பார்த்தாளா என்று கேட்பதில்லை.

மூடுபனியில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. சாய்நிழல் மறைந்துவிடும். ஆனால் பானையின் அடி மேசையைத் தொடும் இடத்திலும், இரண்டு பேரிக்காய்கள் உரசும் இடுக்கிலும் மெல்லிய கருமை தங்கியிருக்கும். பொருளுக்கு எடை தருவது அந்த நூலளவுக் கருமைதான். மற்ற இடமெல்லாம் நெருங்கிய சாம்பல் படிகள். எச்பிக்கும் 2பிக்கும் இடையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஈரக்காற்றில் தாள் தளர்ந்திருப்பதால் அழுத்திய கோடு பள்ளமாகப் பதியும், ரப்பர் நாரைக் கிளப்பும். ஆகவே மெதுவாக, அடுக்கடுக்காகத் தீட்டுவதே இங்கு முறை.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நூல்களுக்கு வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இங்கே நினைக்கத்தக்கவர்கள். நீலகிரித் தாவரங்களுக்கென்றே வைட் 1846 முதல் 1851 வரை ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அவர்கள் வரைந்தவை நிலைப்பொருள் ஓவியங்கள் அல்ல. செடி வெள்ளைத் தாளில் தனித்து நிற்கும். பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வெளி அவற்றில் இல்லை. அதை மேசைதான் கற்றுத்தர வேண்டும். ஆனால் இலைக்காம்பு தண்டில் எப்படிப் பொருந்துகிறது என்று நின்று பார்த்த அந்தப் பொறுமை, நிழல் விதிக்கு முன்னால் கற்பிக்க வேண்டியது.

மேசைவிளக்கை ஒரு பக்கம் வைத்தால் உருண்டை வடிவம் எளிதில் பிடிபடும். தொடக்கத்தில் சில வாரம் அது வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆண்டு முழுவதும் விளக்கே ஒளி என்றானால், தன் ஊரின் வெளிச்சத்தைப் பிள்ளை ஒருநாளும் வரைந்திருக்க மாட்டாள்.

மலைப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டியில் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவத்திலும் அந்த விளக்கை அணைத்துவிட்டு, பானையைச் சன்னலோரம் நகர்த்தி வையுங்கள்.