பாட்டியின் வெயிலும் பாதரச விளக்கும்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனவங்க அந்த நேரம் காட்டும் கல்லைப் பார்த்திருப்பீங்க. மேலே ஒரு குச்சியை வச்சா, நிழல் விழுற எண்தான் மணி. எங்க பாட்டிக்கு வெயில் மணி பார்க்க மட்டும் இல்லை, மருந்தும் கூட. சித்தப்பாவுக்கு டிபின்னு தெரிஞ்சதும் அவரோட பாய், தலையணை எல்லாம் தினமும் மொட்டை மாடிக்குப் போச்சு. தனித் தட்டு, தனி டம்ளர் வேற. ஆனா அவர் படுத்திருந்த அறையோட ஜன்னலை மட்டும், பனிக்காத்து ஆகாதுன்னு இறுக்கி மூடிட்டாங்க :-(

பாட்டி பாதி சரி, பாதி தப்பு. வெயில் கிருமியைக் கொல்லும்னு 1877-லேயே இங்கிலாந்துல டவுன்ஸ், பிளண்ட்னு ரெண்டு பேர் சோதனை செஞ்சு எழுதிட்டாங்க. ஆனா டிபி டம்ளர்ல பரவுறதில்லை. காத்துல பரவுது.

மருந்து இல்லாத காலத்துல நல்ல காத்துதான் வைத்தியம். டாக்டர் சவுரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் ஒரு சானடோரியம் நடத்தினார். நம்ம கணிதமேதை ராமானுஜன் கூட 1917-ல் அங்கே கொஞ்ச நாள் நோயாளியா இருந்தார். அதே சவுரி முத்து 1928-ல் தாம்பரத்தில் ஆரம்பிச்சதுதான், மின்சார ரயில்ல போறப்ப நாம பார்க்கிற 'தாம்பரம் சானடோரியம்'.

நல்ல காத்துக்கு ஊரை விட்டுப் போகணுமா, இருக்கிற அறையிலேயே காத்தைச் சுத்தம் பண்ண முடியாதான்னு யோசிச்சவர் அமெரிக்கர் வில்லியம் வெல்ஸ். இருமுறப்ப வர்ற நுண்துளிகள் காய்ஞ்சு காத்துல மிதக்கும்னு 1930-களில் சொன்னார். பிலடெல்பியா பக்கம் பள்ளி வகுப்பறைகள்ல, தலைக்கு மேலே புற ஊதா விளக்கு மாட்டினார். 1941-ல் தட்டம்மை பரவினப்போ அந்த வகுப்புகள்ல பாதிப்பு ரொம்பக் குறைவு. ஆனா பின்னாடி வேற ஊர்கள்ல செஞ்ச சோதனைகள் அவ்வளவா பலிக்கலை. பசங்க வகுப்பறைல மட்டுமா இருக்காங்க? பஸ்லயும் கூட்டமாத்தானே போறாங்க!

அடுத்து வந்த 1956 முக்கியமான வருஷம். பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி, டிபி வார்டு காத்தைக் குழாய் வழியா கினி எலிகள் இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார். எலிகளுக்கு நோய் தொத்துச்சு. புற ஊதாக் கதிர் பட்ட காத்தைச் சுவாசிச்ச எலிகளுக்குத் தொத்தலை.

அதே வருஷம் சென்னை சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இன்னொரு ஆய்வு. 193 ஏழை நோயாளிகள்ல பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, மீதிப் பேருக்கு சானடோரியத்தில். ரெண்டு பக்கமும் பலன் ஏறத்தாழ ஒண்ணுதான். வீட்டில் இருந்தவங்களோட குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுக்க டிபி வைத்தியத்தையே மாத்தின ஆய்வு இது.

ஆனா இதுல நாம ஒண்ணை மறந்துட்டோம். மருந்து சாப்பிட ஆரம்பிச்சவரால ஆபத்து சீக்கிரமே குறைஞ்சிடும். நோய் இருக்குன்னு இன்னும் தெரியாம பக்கத்துல உட்கார்ந்து இருமுறவர்தான் பரப்புறார். மாத்திரை வந்த சந்தோஷத்துல காத்தைப் பத்தி யாரும் பேசலை. மருந்துக்கு அடங்காத டிபி தலைதூக்கினப்புறம்தான் வெல்ஸ் விளக்கைத் திரும்பத் தூசி தட்டினாங்க. 2009-ல் வெளியான பெரு நாட்டு லிமா ஆய்வுல சாதா வார்டு காத்தைச் சுவாசிச்ச எலிகள்ல 35 சதவீதத்துக்குத் தொற்று. விளக்கு எரிஞ்சப்போ 9.5 சதவீதம்தான்.

சூட்சுமம் ஒண்ணுதான்: ஒளி மேலே, ஆள் கீழே. 254 நானோமீட்டர் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். அதனால விளக்கு ஏழடிக்கு மேலே, ஒளி கீழே வராதபடி தடுப்புப் பட்டைகளோட இருக்கணும். ஃபேன் கீழ்க்காத்தை மேலே தள்ளிக் கலக்கணும். கொரோனா சமயத்துல எங்க பக்கம் ஒரு ஷூ தைக்கிற யூனிட்ல இது தெரியாம வெறும் டியூபை ட்யூப்லைட் மாதிரி மாட்டிட்டாங்க. அங்கே வேலை பார்த்த என் மச்சான் அன்னிக்கு ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி துடிச்சான். நல்லவேளை, ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு.

இப்போ 222 நானோமீட்டர் விளக்கு வந்திருக்கு. அது தோலோட செத்த மேலடுக்கைத் தாண்டுறது ரொம்பக் குறைவு, அதனால அளவு மீறாம ஆள் இருக்கிறப்பவே எரியலாம்ங்கிறாங்க. கொஞ்சம் ஓசோன் வரும், அதனால காத்தோட்டம் அப்பவும் வேணும்.

சித்தப்பா மாத்திரையை ஒழுங்கா முடிச்சுக் குணமாயிட்டார். தனி டம்ளர்னால அவர் மனசு நொந்ததுதான் மிச்சம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மூடின கூடங்கள்ல நூத்துக்கணக்கான பெண்கள் நெருக்கமா உட்கார்ந்து தைக்கிறாங்க. அங்கே முதல்ல ஜன்னல், அப்புறம் ஃபேன், அப்புறம் விவரம் தெரிஞ்சவங்க மாட்டின விளக்கு. இந்த வரிசை மாறக்கூடாது.

உங்க வீட்லயும் தனி டம்ளர் கதை இருக்கா? சொல்லுங்க :-)