எழுத்துக்குறி ஓவியம்: கருவியின் எல்லையும் கலையின் வடிவமும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் எழுத்துக்குறிகளை அடுக்கி உருவம் அமைக்கும் கலை, படங்களை அச்சிட இயலாத கருவிகளோடு சேர்ந்து வளர்ந்தது. அதன் வளர்ச்சியை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இவ்வோவியம் எழுத்துகளில் மட்டுமன்றிக் குறியேற்றத்திலும் எழுத்துருவிலும் தங்கியுள்ளது என்பதால், எழுத்துகளை மட்டும் சேமிப்பது அதனைப் பாதுகாப்பதாகாது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஆஸ்கி, வரி அச்சுப்பொறி, குறியேற்றம், எழுத்துரு, ஆவணப் பாதுகாப்பு

முன்னுரை

எழுத்தால் உருவம் அமைத்தல் கணினிக்கு முற்பட்டது. தமிழ்ச் சித்திரகவியில் எழுத்துகள் தேர், நாகம் முதலிய வடிவங்களில் அடைக்கப்பெறினும் ஒலியையும் பொருளையும் இழப்பதில்லை. கணினி ஓவியத்திலோ எழுத்து தன் ஒலியைத் துறந்து, மையின் அடர்த்தியாகவும் கோட்டின் சாய்வாகவும் மட்டுமே நிற்கிறது. இதன் நேர் முன்னோடி தட்டச்சு ஓவியமாகும். ஃபுளோரா ஸ்டேசி என்பவர் தட்டச்சுப்பொறியில் அமைத்த வண்ணத்துப்பூச்சி 1898இல் வெளிவந்தது.

ஆஸ்கியும் வரி அச்சுப்பொறியும்

1963இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆஸ்கி குறியேற்றம், 1967இல் திருத்தம் பெற்றபின் சிற்றெழுத்துகளையும் உள்ளடக்கியது. ஏழு பிட்டுகளாலான அதன் 128 இடங்களுள் 33 கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியன. இடைவெளி உட்பட எஞ்சிய 95 குறிகளே ஓவியனுக்கு வாய்த்த வண்ணங்கள். அடர்ந்த குறிகள் நிழலாகவும், புள்ளியும் இடைவெளியும் ஒளியாகவும் பயன்பட்டன. சாய்கோடும் அடைப்புக்குறியும் புறக்கோடுகளாயின.

அக்கால வரி அச்சுப்பொறிகள் பொதுவாக ஓர் அங்குல அகலத்தில் 10 எழுத்துகளையும், ஓர் அங்குல உயரத்தில் 6 வரிகளையும் அச்சிட்டன. எனவே 10 எழுத்தும் 10 வரியும் கொண்ட கட்டம் சதுரமாகாமல் நெடிதாக நீளும். இவ்விகிதத்தைக் கணக்கிட்டே வட்டமும் முகமும் வரைய வேண்டியிருந்தது. தாளை நகர்த்தாமல் ஒரே வரியில் மீண்டும் அச்சிட்டு நிழலைக் கூட்டும் உத்தியும் கையாளப்பட்டது. ஒருவர் பணியை அடுத்தவர் பணியினின்று பிரித்துக்காட்டப் பெயர்களைப் பேரெழுத்துகளாக அச்சிட்ட முகப்புத் தாள்களும் இம்மரபின் பயன்பாட்டு வடிவமே.

பெல் ஆய்வகச் சோதனை

1966இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் நோல்டனும் லியோன் ஹார்மனும் நடனக்கலைஞர் ஒருவரின் நிழற்படத்தை வருடி, அதன் சாம்பல் நிறச் செறிவுகளுக்கு ஏற்பச் சிறு குறியீடுகளை இட்டனர். இவை ஆஸ்கி எழுத்துகள் அல்ல. மின்னணுவியல் முதலிய துறைகளின் குறியீடுகள். எனினும் இச்சோதனை எழுத்துக்குறி ஓவியத்தின் அடிப்படையைத் தெளிவாக்கியது. அருகிருந்து காண்பவர்க்குக் குறிகளும், விலகி நின்று காண்பவர்க்கு உருவமும் புலப்பட்டன. படம் தாளில் முழுமையாக இல்லை. காண்பவர் கண்ணில் நிறைவுறுகிறது.

திரையும் குறியேற்றமும்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி 256 இடங்கள் கொண்ட குறித்தொகுதியைப் பயன்படுத்தியது. அதிலிருந்த கட்டை வடிவங்களும் இரட்டைக் கோடுகளும், நிறம் மாற்றும் கட்டளைகளும் சேர்ந்து ஆன்சி ஓவியம் என்னும் தனிக் கிளையைத் தோற்றுவித்தன. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவையைச் சுட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் இணைத்த சிரிப்புமுகத்தை முன்மொழிந்தார்.

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எம்எஸ் பிகோதிக் எழுத்துருவையே அளவுகோலாக்கி, இடைவெளிகளைப் புள்ளியளவில் சரிசெய்து வரைந்தனர். அவ்வெழுத்துருவை மாற்றினால் ஓவியம் குலைந்துவிடும். ஐபிஎம் தொகுதியில் வரைந்த கோட்டையை வேறு குறித்தொகுதியில் திறந்தால் மதில்கள் மறைந்து தொடர்பற்ற எழுத்துகளே தோன்றும்.

தமிழ்க் கணிமையும் இவ்விடரை அறிந்ததே. ஒருங்குறி பரவுமுன் வெவ்வேறு குறியேற்றங்களில் உள்ளிடப்பட்ட தமிழ்க் கோப்புகள் உரிய எழுத்துரு இன்றிப் படிக்க இயலாதவையாயின. அந்நிலைக்குத் தீர்வு காணவே 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் குறியேற்றத் தரப்படுத்தம் முன்னெடுக்கப்பட்டது. பிறழ்ந்த தமிழ் உரையை உரிய மாற்றியால் மீட்கலாம். பிறழ்ந்த ஓவியத்தை மீட்க, அது வரையப்பட்டபோது இருந்த எழுத்துருவின் அகலமும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

எழுத்துக்குறி ஓவியம் கருவியின் போதாமையைக் கலையின் இலக்கணமாக்கியது. ஆனால் அதே கருவியோடு அதன் உயிரும் பிணைந்துள்ளது. எனவே இவ்வோவியங்களைத் தொகுப்போர் எழுத்துகளோடு குறியேற்றம், எழுத்துரு, வரியின் அகலம் ஆகியவற்றையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. ஓவியத்தின் மூலையில் வரைந்தவர் இடும் பெயரின் முதலெழுத்துகளையும் நீக்காது காத்தல் வேண்டும். அவை நீங்கின், படம் எஞ்சினும் படைத்தவர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுவார்.