காதில் கண்ட மதுவம்

மதுவம் என்றால் பாண் பொங்கும் என்றுதான் வகுப்பில் நாம் படிப்பிக்கிறோம். அதே இனத்தில் ஆளைக் கொல்லும் ஒன்றும் இருக்கிறது. 2009இல் டோக்கியோவில் 70 வயதுப் பெண்ணொருவரின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் இந்தப் புதிய பங்கசைக் கண்டார்கள். காதுக்கான இலத்தீன் சொல்லைச் சேர்த்து 'கண்டிடா ஓரிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

2011இல் தென்கொரிய வைத்தியர்கள் அதை நோயாளிகளின் இரத்தத்திலும் கண்டதாக அறிவித்தார்கள். ஒன்று 1996இல் எடுத்துச் சேமித்து வைத்திருந்த மாதிரி! பெயர் வைப்பதற்கு 13 வருடங்களுக்கு முன்பே அது இரத்தத்தில் இருந்திருக்கிறது. நம்மை இதை எழுத வைத்ததே அந்த 13 வருடங்கள்தான்.

ஆய்வுகூடங்களின் வழமையான சோதனைகள் இதை வேறொரு கண்டிடாவாகக் காட்டிவிடும். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைத்துவிடும். சாதாரணமாகக் கொடுக்கும் புளுகொனசோல் பெரும்பாலும் இதனிடம் எடுபடாது. பங்கசின் கலச்சுவரைத் தாக்கும் எகினோகண்டின் ஊசிகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். சில வேளை அதுவும் தோற்கிறது. நுண்ணுயிரின் புரதங்களை நிறுத்துப் பார்த்து ஆளை அடையாளம் காட்டும் இயந்திரங்கள் பரவிய பிறகே இந்தக் குழப்பம் குறைந்தது.

ஒக்ஸ்போர்டில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 2015 முதல் 2017 வரை 70 நோயாளிகளிடம் இது காணப்பட்டது. தேடிப் பார்த்தால், ஆளுக்கு ஆள் மாற்றி அக்குளில் வைத்த வெப்பமானிதான் அதைக் காவியிருக்கிறது. அவற்றை அகற்றிய பிறகே புதிய தொற்றுகள் குறைந்தன.