சாப்பா விழுந்த முற்றம்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து பஜார் ரோடு. காயலில் வரிசை கட்டி நின்ற கெட்டுவள்ளங்கள், பண்டகசாலை வாசலில் அடுக்கிய மிளகு மூட்டைகள், தெரு முழுக்கச் சுக்கு வாடை. அப்புறம் பேச்சு இன்றைக்கு வரும். பண்டகசாலைகள் காபிக்கடை ஆகிவிட்டன, பெரியவர்களுக்கு மரியாதை போயிற்று, பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். நானும் அந்தப் பேச்சில் கலந்துகொள்கிறவன்தான். போனவற்றை நினைத்தால் எனக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எத்தனை சாயங்காலம் பேசினாலும் ஒரு சொல் மட்டும் அங்கே எழுவதில்லை: சாப்பா. அதை விட்டுவிட்டு இந்த ஊரின் பழங்காலத்தைப் புகழ எங்களில் யாருக்கும் உரிமை கிடையாது.

என் அப்பா போடிநாயக்கனூர்க்காரர். ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதிப் பழகியவர், இங்கே வந்து ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை ஆனார். நான் 1947இல் மட்டாஞ்சேரியில் பிறந்தேன். அப்பாவுக்குப் பின் நானும் அதே தெருவில் பேரேடு எழுதித்தான் ஓய்வு பெற்றேன்.

நான் பிறந்தபோது ஊர் இரண்டு ஆட்சியில் கிடந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். நடந்து போகிற தூரத்தில் உள்ள ஃபோர்ட் கொச்சியோ மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்துக்குச் சொந்தம். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் மூன்றும் ஒரே மாநகராட்சி ஆனது 1967இல்தான். இந்தச் சின்ன இடத்துக்குள் எத்தனை பாஷை! செறளாயில் கொங்கணி, குஜராத்தித் தெருவில் குஜராத்தி, கச்சி மேமன் வீடுகளில் கச்சி, இன்னொரு சந்தில் தக்கினி உருது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர்கள் தங்கள் முன்னோரைக் கூட்டி வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் போடிக் குடும்பம் நேற்று வந்தது.

கம்பெனி முற்றத்தில் மிளகு வந்து இறங்கும் காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கை மிளகு எடுப்பார்கள். உள்ளங்கையில் உருட்டி, ஊதிப் பார்த்து, பல்லில் வைத்துக் கடிப்பார்கள். பிறகு லிட்டர் அளவில் நிரப்பித் தராசில் வைப்பார்கள். 550 கிராம் நின்றால் சேட்டின் முகம் மலரும். பக்கத்து முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் சுக்குப் புடைப்பார்கள், தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. ராத்திரி ஏதாவது கல்யாண வீட்டில் பாடகர் மெஹபூப் பாடினால் சாதி மதம் பாராமல் தெருவே திரளும். இந்த நினைவுகளை நான் யாருக்காகவும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியவர்கள் யார்?

1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வரும்வரை பெரிய கப்பல்கள் கொச்சிக்குள் நுழைய முடியவில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு. கப்பல் வெளிக்கடலில் நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கைப் பரிமாறும். அவர் அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. துறைமுகம் வளர்ந்தது, செய்தி பரவியது, சுற்றுப்புறத்திலிருந்து வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். வேலையை விட ஆள் அதிகம். அந்த மிச்ச ஆட்களை வைத்துத்தான் சாப்பா முறை ஓடியது.

கப்பலில் ஏற்றி இறக்கும் பொறுப்பு ஸ்டீவடோர் கம்பெனிகளுக்கு. இன்றைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கம்பெனி மூப்பனிடம் சொல்லும். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைத் தமிழர்களுக்குத் தெரியும், மூப்பனும் அந்த இனம்தான். அவன் கையில் அத்தனை சாப்பாக்கள் இருக்கும். சாப்பா என்பது உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் பட்டினி. விடிவதற்கு முன்பே முற்றத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் நிற்பார்கள். மூப்பன் திண்ணையில் ஏறி நின்று, கோழிக்குத் தானியம் இறைப்பதுபோல வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். மனிதர்கள் மனிதர்கள் மேல் விழுவார்கள். விரல் நசுங்கும், பல் உடையும். முந்தின நாள் ஒரே பீடியைப் பகிர்ந்துகொண்டவன் மேல் ஏறி மிதித்துத்தான் மறுநாள் சாப்பா எடுக்க வேண்டும். எங்கள் சாயங்காலப் பேச்சில் ‘அப்போதெல்லாம் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒட்டுதல்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த முற்றம்தான் ஞாபகம் வரும்.

1953 ஜூலையில் சாப்பாவை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் செய்து, செய்தலவி, ஆண்டனி என்ற மூவர் உயிர் விட்டார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு எங்களை அரிசிப் பானைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அப்பா சந்து சந்தாகச் சுற்றி இருட்டிய பிறகுதான் வந்தார். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

அதைப்பற்றி அவர் என்னிடம் வாய் திறந்தது வெகுகாலம் கழித்து, தளர்ந்துபோன வயதில். அவருடைய பேரேட்டில் ஏற்றுக்கூலிக்கு ஒரு பத்தி உண்டாம். அதில் மூப்பனின் பெயர் இருக்கும், தொகை இருக்கும், ‘ஆள் 40’, ‘ஆள் 60’ என்று இருக்கும். மிளகு அனுப்பிய தோட்டக்காரர் பெயர், படகுக்காரர் பெயர், வாங்கிய நாட்டின் பெயர், கப்பலின் பெயர், எல்லாம் எழுதியிருக்கிறது. சுமந்தவன் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ‘எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லைப்பா, எனக்கும் தோன்றவில்லை’ என்றார். இறந்துபோன மூவரில் யாராவது தன் ‘ஆள் 40’க்குள் இருந்திருப்பாரா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

சாப்பா ஒழிய 1962 ஆயிற்று. முற்றத்தில் இருந்த கூட்டம் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியாக மாறியது. ஆனால் காலம் அவனுக்குப் பெரிய அவகாசம் கொடுக்கவில்லை. 1973 நவம்பரில் ‘பிரசிடென்ட் டைலர்’ என்ற கப்பல் கொச்சிக்கு வந்தது. இந்தியத் துறைமுகங்களிலேயே முதன்முதலாகக் கண்டெய்னர் இறங்கியது இங்கேதான். மூட்டை மூட்டையாகக் கையால் ஏற்றிய சரக்கை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து கிரேனில் தூக்கிவிட்டார்கள். பெயர் கிடைத்துப் பதினோரு வருஷத்தில், அந்தப் பெயருக்குரிய வேலை கரையத் தொடங்கியது. 2011இல் வல்லார்பாடம் முனையம் திறந்தபோது பெட்டிகளும் அங்கே போயின. மட்டாஞ்சேரி வீழ்ந்ததற்கு இளைய தலைமுறையின் ஒழுக்கத்தைக் குறை சொல்கிற நண்பர்களிடம் நான் இந்த வருஷங்களைச் சொல்வேன்.

உடனே அடுத்த புகார் வரும்: தொழிற்சங்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கேரளத்தில் 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் நிழலில் நோக்குக்கூலி என்ற வழக்கமும் தழைத்தது. நீங்களே சாமானை இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பார்கள். அது அநியாயம், 2018இல் அரசு அதைத் தடை செய்தது சரி. எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு வேலை உண்டா என்பது ஒருவன் கை வீச்சில் இருந்ததைப் பார்த்த தலைமுறை தன் உரிமையை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. சாப்பா வீசிய முதலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நோக்குக்கூலியை மட்டும் திட்டுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

யூதர் தெருவைப் பற்றிய ஏக்கமும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை விளக்குகள், சேரா கோஹனின் தையல் கடை, 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம், தரையெங்கும் சீனத்து நீல ஓடுகள். வருகிற பயணிகள் அந்த ஓடுகளைப் பார்த்து வியக்கிறார்கள், வியக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் அந்தத் தரையில் உட்கார எல்லா யூதருக்கும் இடமில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் வெளிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்து வக்கீலாகி, காந்தி வழியில் அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தவர் ஏ.பி. சேலம். 1950களில் யூதர்கள் பெருங்கூட்டமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது அவர்களுக்காக ஓடியாடியவரும் அவரே. தான் மட்டும் போகவில்லை. 1967இல் இங்கேயே காலமானார். அந்தத் தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். பெயர்ப்பலகையை நின்று படிக்கிறவர்கள் குறைவு.

2012 டிசம்பர் 12 முதல் இந்தப் பண்டகசாலைகளுக்கு இன்னொரு வாழ்வு வந்தது. கொச்சி முசிரிஸ் பினாலே தொடங்கியது, உலகத்துக் கலைஞர்கள் வந்தார்கள். நண்பர்கள் முகம் சுளித்தாலும் எனக்கு அதில் சந்தோஷமே. இடிந்துவிழ இருந்த கூரைகள் பல தப்பின. ஆனால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை அப்படியே அழகாக வைத்துக் கீழே காபி விற்கும்போது, அந்தச் சுவரில் தோள் உரசி மூட்டை தூக்கியவனைப் பற்றி இரண்டு வரி எழுதிவைத்தால் என்ன என்று தோன்றுகிறது. 2023இல் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படம் வந்தபோது பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பா வீசும் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்து, ‘தாத்தா, நம்ம வீட்டுப் பக்கத்திலா?’ என்று கேட்டான். அன்று முழுக்க நடந்தே ஊரைச் சுற்றிக் காட்டினேன்.

என்னுடைய கவலை காபிக்கடை பற்றியது அல்ல. வில்லிங்டன் தீவுக்குப் போகிற வழியில் வாத்துருத்தி என்ற இடம் இருக்கிறது. தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம். காலையில் சாலையோரம் ஆட்கள் வேலைக்காக நிற்பார்கள். வண்டி வந்து நிற்கும், உள்ளிருந்தபடியே நாலு விரல் காட்டுவார்கள், நாலு பேர் ஏறுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். அந்தக் காலத்து மூப்பனுக்கு ஒரு முகமும் ஒரு திண்ணையும் இருந்தது, போய்ச் சண்டை போட ஓர் இடம் இருந்தது. இவர்களில் பலருக்குத் தாங்கள் கட்டுகிற கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்றே தெரியாது. கூலி பாக்கி நின்றால் கைப்பேசி எண் ஒன்றுதான் கையில், அதுவும் சிலசமயம் அணைந்து கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் கணக்கு எழுதுவது. நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தேதி, வேலை நடந்த இடம், கூட்டிப்போனவர் பெயர், பேசின கூலி, வாங்கின கூலி என்று பத்தி போட்டுக் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் அவரவர் பெயரை, ஊரோடும் தகப்பனார் பெயரோடும் முழுசாக எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவருக்கு நான் எழுதுகிறேன். ‘ஐயா, இதெல்லாம் எதுக்கு, நாள் கூலிக்குப் போறவங்கதானே’ என்று போடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான். போன மாதம் அவனுக்கு எட்டு நாள் கூலி நின்றுவிட்டது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.