திருவல்லிக்கேணியின் இரு கல்வெட்டுகள்

கோதை நாச்சியார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையினராகிய நாம், சென்னைக்குச் செல்லுங்கால் சேவிக்கத் தவறாத திவ்யதேசம் திருவல்லிக்கேணி. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய தலம் அது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டொன்று ஸ்ரீ பார்த்தசாரதிப் பெருமாள் திருக்கோயிலில் இன்றும் திகழ்கிறது.

தனிச் சிற்றூராயிருந்த இத்தலம், 1676-இல் ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்து, கோட்டையின் புறநகராயிற்று. 1768-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்கு அருகேயுள்ள சேப்பாக்கத்தில் மாளிகை அமைந்தது. அவர் பரிவாரத்தார் திருவல்லிக்கேணியில் குடியேறவே, தமிழும் தெலுங்கும் வழங்கிய ஊரில் உருதும் பாரசீகமும் ஒலிக்கலாயின.

1795-இல் நவாப் குடும்பத்தார் அங்கு வாலாஜா பள்ளிவாசலை எழுப்பினர். அதன் ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை இயற்றியவர் நவாபின் அலுவலராயிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்து. எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜிரி 1209 கிடைக்கும். எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிப்பதில் மட்டும் நம் கடபயாதி முறையை ஒத்தது இது. பள்ளிவாசலின் உள்ளே அது கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. அண்மைக் காலத்திலும் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சார்ந்த சிந்தி இந்துக்கள், ரமலான் மாதத்தில் அப்பள்ளிவாசலில் நோன்பு திறப்போர்க்கு உணவு பரிமாறி வந்துள்ளனர்.

அண்டையார் தொழும் இடத்திற்கு ஒருவர் தம் புலமையை ஈந்தார். அவர்களும் அதனை உவந்தேற்று, உட்கல்லிலேயே பதித்துப் போற்றினர். கொடுப்பதற்கு அன்பு வேண்டும். ஏற்பதற்கு வேண்டும் அன்போ அதனினும் குறைந்ததன்று. நம் திருப்பணிக்கு உபகரித்தோர் பெயர்களைக் கல்லில் பொறித்துக் கும்பாபிஷேகம் காணும் இந்நன்னாளில், மெய்யன்பர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக!