இணையவழி கலந்த இறையியற் பட்டக் கல்வி

இணையவழி கலந்த இறையியற் பட்டக் கல்வி என்பது, கல்லூரிப் பட்டம் ஒன்றை முன்னரே பெற்ற ஒருவர், வேதாகமம், திருச்சபை வரலாறு, இறைக்கோட்பாடு, கிறிஸ்தவ ஒழுக்கவியல், பிரசங்கக் கலை, ஆயர்ப் பராமரிப்பு முதலிய துறைகளை, ஒரு பகுதி தம் ஊரிலிருந்தே இணையத்தின் வாயிலாகவும், எஞ்சிய பகுதி ஆண்டுக்குச் சில வாரங்கள் கல்லூரியில் ஆசிரியரின் முன்னிலையிலும் கற்றுத் தேறும் மேற்கல்வி முறையாகும். இம்முறையில் வழங்கப்பெறும் பட்டங்களுள் எம்.டிவ். என்பது ஊழியத்திற்கு ஆயத்தம் செய்வது. முழுநேரம் பயில்வோர்க்கு மூன்றாண்டுப் படிப்பாகிய அது, தொழில் செய்துகொண்டே பயில்வோர்க்கு ஐந்தாண்டு, ஆறாண்டு என நீளுதலும் உண்டு. இறையியல் எம்.ஏ., பொதுநிலையினருக்குரிய கிறிஸ்தவக் கல்விப் பட்டங்கள் ஆகியவை குருப்பட்டத்தை நாடாதவரும் பயிலத் தக்கவை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவில் மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாடு, இம்முறையின் தேவையையும் அதன் குறைகளையும் ஒருங்கே விளங்கக் காட்டும் பிரதேசமாகும். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் என்று வழிவழியாகச் சொல்லிவரும் அவ்வூர்களின் பழங்குடிகள் தமிழ் பேசும் இந்துக்கள். ஆயினும் அதே தாலுகாவில், மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், திருநெல்வேலி, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வேலைக்கு வந்தவரின் வழியினராகிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1910இல் அடிக்கல் நாட்டப்பெற்று மறு ஆண்டு திறக்கப்பெற்ற மூணாற்றுக் கிறிஸ்து ஆலயத்தில் இன்றும் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடைபெறுகின்றது. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொலைவிலிருத்தலால், ஆயர் ஒருவர் சிற்றாலயங்கள் பலவற்றிற்கும் பொறுப்பேற்க நேர்கின்றது. அவர் வர இயலாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவோரும், வேதபாடம் சொல்வோரும், நோயாளியின் கட்டிலருகே அமர்வோரும் உபதேசியாரும் சபை மக்களுமேயாவர். இவர்களுக்கு முறையான கல்வி எவ்வாறு கிட்டும் என்பதே இக்கட்டுரைப் பொருளின் உயிர்நாடி.

சமய சாஸ்திரத்தைக் கற்பவர் ஆசிரியரோடு உடனுறைந்து கற்க வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டில் மிகப் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்து நிறுவிய வேதசாலையின் ஒழுங்குகள், காந்தளூர்ச் சாலையின் ஒழுங்குகளைப் பின்பற்றியவை என்று செப்பேடு கூறுகின்றது. (அக்காந்தளூர்ச் சாலை தென்கோடியில் திருவனந்தபுரத்தைச் சார்ந்தது என்பர், அஞ்சுநாட்டுக் காந்தலூர் வேறு.) மேனாட்டிலும், 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் நிறுவப்பெற வேண்டுமென்று விதித்த பின்னர், குருவாக விரும்புபவர் உலகியலினின்று விலகி மதில் சூழ்ந்த இல்லத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கிப் பயில்வது நிலைபெற்ற சம்பிரதாயமாயிற்று.

தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்க வரலாறோ வேறொரு பாதையையும் காட்டுகின்றது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் அவர்க்குப் பின்வந்தோரும் உபதேசியார்களைச் சபைகளின் நடுவிலேயே வைத்துப் பயிற்றினர். அவ்வாறு பல ஆண்டுகள் ஊர்களிற் பணியாற்றித் தேர்ந்த ஆரோன் என்பவரே 1733இல் குருப்பட்டம் பெற்று லுத்தரன் திருச்சபையின் முதல் தமிழ் ஆயரானார். ஊழியத்தின் நடுவே கல்வியும் கல்வியின் நடுவே ஊழியமும் நிகழ்ந்த அம்முறை, பிற்காலத்துப் பெருங்கல்லூரிகளின் நிழலில் மங்கிப்போனது வருந்தத்தக்கதே.

இந்தியாவில் இறையியற் பட்டங்களுக்கு அடித்தளமிட்டது வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரி. கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மிஷனரிகள் மூவர் 1818இல் நிறுவிய அக்கல்லூரிக்கு, அவ்வூர் டேனியர் ஆட்சியிலிருந்தமையால், டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827இல் பட்டம் வழங்கும் அதிகாரத்தைச் சாசனமாக அளித்தார். 1918இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்றால் அவ்வதிகாரம் உறுதிபெற, நாட்டின் பல பாகங்களிலுள்ள இறையியற் கல்லூரிகள் செராம்பூர்ப் பேரவையோடு இணைந்து பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் பொதுவாகக் கொண்டன. பெங்களூரின் ஐக்கிய இறையியற் கல்லூரி, சென்னையின் குருக்குல், திருவனந்தபுரம் கண்ணம்மூலையின் கேரள ஐக்கிய இறையியற் கல்லூரி ஆகியவை இத்தொகுதியைச் சார்ந்தவை. விடுதியிற் பயிலும் பி.டி. என்னும் இறையியற் பட்டத்தோடு நில்லாமல், பட்டதாரிகளாகிய பொதுநிலையினர் தம் தொழிலை விடாமற் பயிலுமாறு பி.சி.எஸ்., எம்.சி.எஸ். என்னும் புறநிலைப் பட்டங்களையும் கொல்கத்தாவிலுள்ள தன் விரிவாக்க மையத்தின் வழியாக அப்பேரவை வழங்கி வருகின்றது. இன்றைய இணையவழிக் கல்விக்கு இந்நாட்டிலுள்ள மிக நெருங்கிய முன்னோடி இதுவே எனலாம்.

1969இல் மதுரை அரசரடியில் தோன்றிய தமிழ்நாடு இறையியற் கல்லூரியைச் சற்று விரித்துரைத்தல் தகும். நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இயங்கிய கல்லூரியும், லுத்தரன் குருக்குலத்தின் தமிழ்ப் பிரிவும் ஒன்றுகூடியதன் விளைவாகிய அக்கல்லூரி, பி.டி. வகுப்பைத் தமிழில் நடத்தத் துணிந்தது. எபிரேயமும் கிரேக்கமும் ஜெர்மானிய ஆராய்ச்சியும் ஆங்கிலத்தின் வழியேதான் மாணாக்கனை அடையும் என்றிருந்த நிலையில், அவற்றைத் தாய்மொழியில் விளக்குவதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் பாடநூல்களையும் ஆக்குவது எளிய காரியமன்று. அதனினும் குறிப்பிடத்தக்கது, மாணாக்கர் பயிற்சிக் காலத்தில் ஓராண்டு வளாகத்தை விட்டு வெளியேறி ஏழை மக்கள் குடியிருப்புகளில் வாழ்ந்துகொண்டே வகுப்புக்கு வரவேண்டும் என்று அது வகுத்த விதியாகும். இக்கல்லூரியின் தலைவராயிருந்த சாமுவேல் அமிர்தம் பின்னர் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியற் கல்வித் திட்டத்தை நடத்தும் பொறுப்பேற்றார். அங்கே ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு கிராமியப் பாடல் மரபை வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். மதிலுக்குள்ளே கட்டப்பெற்ற கல்லூரியே மதிலுக்கு வெளியே மாணாக்கனை அனுப்பிற்று என்பதை, இணையவழிக் கல்வியை வடிவமைப்போர் மறத்தலாகாது.

இறையியலில் தொலைநிலைக் கல்வியின் தத்துவத்தைத் தெளிவாக வகுத்தது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா. அந்நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரியிற் பயின்றவருள் மிகச் சிலரே ஊழியத்தில் நிலைத்தனர் என்பதையும், கிராமச் சபைகளின் உண்மையான தலைவர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுத் தலைநகருக்கு வர இயலாதவர் என்பதையும் கண்ட எமரி, வின்டர், கின்ஸ்லர் முதலியோர், 1963இல் மாணாக்கனைக் கல்லூரிக்கு அழைப்பதை விட்டுக் கல்லூரியை மாணாக்கனிடம் கொண்டுசெல்லத் தலைப்பட்டனர். டெட் வார்டு என்னும் கல்வியறிஞர் இம்முறையை ஒரு வேலிக்கு ஒப்பிட்டார்: நூலறிவு ஒரு கழி, ஊழிய அனுபவம் மற்றொரு கழி, இரண்டையும் குறித்த இடைவெளிகளிற் பிணைத்து நிறுத்தும் கம்பங்களே ஆசிரியரும் மாணாக்கரும் கூடும் சந்திப்புகள். கம்பங்கள் இல்லையேல் கழிகள் தரையில் வீழும் என்பது இவ்வுவமை தரும் பாடம். இந்தியாவில் இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தும் டாஃப்டீ என்னும் ஸ்தாபனம் 1971இல் அமைந்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, தானே பயிலத்தக்க பாடநூல்களாலும் உள்ளூர்ச் சந்திப்பு வகுப்புகளாலும் கல்வி அளித்துவருகின்றது. அதன் சான்றிதழ் நிலைப் பாடங்கள் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளிற் கிடைக்க, பட்டநிலைப் பாடங்கள் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்க் கூறப்படும்.

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பெற்றபோது, இணைய வகுப்பைச் சந்தேகத்தோடு நோக்கியவரும் அதனை மேற்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு, கனடா ஆகியவற்றின் இறையியற் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் சங்கம், வளாகத்தில் தங்கிப் பயிலவேண்டிய கட்டாயத்தைப் பெரிதும் தளர்த்தும் புதிய விதிகளை ஏற்றது. ரோமையின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 2021இல் திருச்சபைப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்விக்கான நெறிமுறையை வெளியிட்டது. குருமாணவர் குருமடத்தில் வாழ்ந்தே உருவாக வேண்டும் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை உறுதியாயிருப்பினும், பொதுநிலையினர்க்கும் துறவியர்க்கும் தொலைநிலைக் கல்வி திறந்தே உள்ளது. வடகேரளத்தில் தலச்சேரி உயர்மறைமாவட்டத்தின் ஆல்ஃபா நிறுவனம் மலையாள மக்களுக்கு அவ்வழியில் இறையியற் பட்டக் கல்வி அளிப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

இப்பட்டங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே தன்மையது. பதிவுசெய்த விரிவுரைகளையும் வாசிப்புப் பகுதிகளையும் மாணாக்கர் தமக்கு வாய்த்த நேரத்திற் கற்பர். வாரத்தில் ஒரு மாலையோ இரு மாலையோ ஆசிரியரை நேரலையிற் கண்டு வினவுவர். கட்டுரைகளைக் குறித்த நாளில் அனுப்புவர். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ கல்லூரியிற் கூடி, மொழிப் பயிற்சி, பிரசங்கப் பயிற்சி, பொது வழிபாடு ஆகியவற்றில் ஈடுபடுவர். இவற்றோடு, உள்ளூரில் அனுபவமிக்க ஆயர் ஒருவரின் மேற்பார்வையில் ஊழியப் பயிற்சியும் விதிக்கப்பெறும். எபிரேயமும் கிரேக்கமும் தனித்துப் பயில்வோரைப் பெரிதும் சோர்வுறச் செய்வன. நூலகம் அருகில்லாமையும் பெருங்குறையே. மலைச்சரிவுகளில் அலைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத இடங்களும், மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் நாட்களும் உள்ளமையால், பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு படிக்கும் வசதி இல்லாத திட்டம் மலைநாட்டு மாணாக்கர்க்குப் பயன்படாது.

இனி, இம்முறையால் ஊழியம் உண்மையிற் கற்கப்பெறுமா என்னும் ஐயம் நியாயமானது. ஒரே பந்தியில் உண்டு, ஒரே சிற்றாலயத்தில் விடியற்காலை ஜெபித்து, ஆசிரியரின் கோபத்தையும் பொறுமையையும் அண்மையிற் கண்டு பெறும் பக்குவத்தைத் திரை அளிக்காது. ஆனால் தோட்டத்துச் சபையில் வாழ்பவன் வேறொரு பக்குவத்தை நாள்தோறும் பெறுகின்றான். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டபோது எழுந்த துயரத்தின் முன்னே, ஆறுதல் கூறுவதெங்ஙனம், அடக்க ஆராதனையில் எதனைப் பேசுவது, எதனைப் பேசாதிருப்பது என்னும் வினாக்கள் எந்தப் பாடநூலிலும் முற்றாக விடை காணாதவை. அம்மக்களிடையே வாழ்ந்துகொண்டே யோபின் புத்தகத்தைக் கற்பவனுக்கு அந்நூல் காட்டும் ஆழம், தொலைநகரத்து விடுதியில் அதனைக் கற்பவனுக்குக் காட்டுவதினும் மிக்கது என்பது என் துணிபு. வீட்டையும் பணியையும் விட்டு மூன்றாண்டு விலகியிருக்க இயலாத ஆசிரியைகளும் செவிலியரும் இறையியல் பயில வேறு வழி அரிது என்பதும் கருதத்தக்கது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்ற பின்னர், பெண்களின் ஊழியத்திற்கு உயர்கல்வி எதற்கு என்று வினவுவோர்க்கு விடை வேண்டியதில்லை.

பட்டத்தின் மதிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். செராம்பூர்ப் பேரவையின் பட்டம், ஆசிய இறையியற் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம், அயல்நாட்டுக் கல்லூரியின் பட்டம் ஆகியவை வெவ்வேறு தன்மையன. குருப்பட்டம் அளிப்பது கல்லூரியன்று, திருச்சபையே. ஆகவே, கட்டணம் செலுத்துமுன், தம் பேராயம் அப்பட்டத்தை ஊழியத்திற்கு ஏற்குமா என்று எழுத்து மூலம் கேட்டறிவது இன்றியமையாதது.

ஆயினும் பெருந்தடையாயிருப்பது மொழியே. சான்றிதழ்ப் பாடம் தமிழிலும் பட்டப்பாடம் ஆங்கிலத்திலும் இருக்குமாயின், தமிழ்வழிப் பள்ளியிற் படித்து, தமிழகக் கல்லூரியொன்றில் பட்டம் பெற்று மலைக்குத் திரும்பிய இளைஞன் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றான். இலங்கையில் 1963இல் பிலிமத்தலாவையில் நிறுவப்பெற்ற இலங்கை இறையியற் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் உயர்நிலை இறையியலைப் போதித்துவருகின்றது. மதுரையும் அதனைச் செய்து காட்டியுள்ளது. ஆகலின், தமிழில் இது இயலாது என்று கூற எவருக்கும் இடமில்லை. அரசரடியில் அரை நூற்றாண்டாகத் தமிழில் நடந்த விரிவுரைகளின் பயன் இணையத்தின் வழியே மலையேறி வருமாறு செய்தலும், ஆண்டுக்கு இருமுறை ஆசிரியர்கள் வந்து தங்கிக் கற்பிக்க மூணாற்றிலோ உடுமலைப்பேட்டையிலோ ஒரு சந்திப்பு மையம் அமைத்தலும், தமிழ்த் திருச்சபைகளும் அவற்றின் கல்லூரிகளும் இனித் தாமதியாது மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.