டி.எம்.வி. என்றால் மல்லாட்டை

மயிலம் ரயில் நிலையத்துக்கு வடக்கே அடுத்த நிறுத்தம் திண்டிவனம். தெற்கே பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டினால் விழுப்புரம். ரயில்வே கணக்கில் திண்டிவனம் டி.எம்.வி.; விழுப்புரம் வெறும் வி.எம். அந்த இரண்டெழுத்தையே ஸ்வீடன், நார்வே, டென்மார்க் செய்தித்தாள்களில் பார்த்தால் உலக சாம்பியன்ஷிப் போட்டி என்று பொருள்.

ஆனால் மயிலத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் கொல்லைகளில் டி.எம்.வி. என்றால் ரயில் நினைவுக்கு வராது. விதை மல்லாட்டைதான், அதாவது விதை நிலக்கடலை.

மல்லாட்டையே ஒரு சுருக்கம். மணிலாக்கொட்டை என்ற பெயர் தென்னார்க்காட்டு நாவில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரோடு இங்கே நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. காசு தரும் பயிர் என்றானபின் நல்ல விதைக்குத் தேவை எழுந்தது.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். குடியாத்தம் கொத்து நிலக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் அது வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், கொடியாகப் படராமல் குத்தாக நிற்கும். ஏறக்குறைய 105 நாளில் பிடுங்கிவிடலாம். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் திண்டிவனத்தை எட்டிக்கூடப் பார்த்திராத உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை விதைத்தார்கள். 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. எள்ளுக்கும் ஆமணக்குக்கும்கூட அதே முத்திரைதான். ஒரு சிறு நகரத்துக்கு இதைவிடப் பெரிய விலாசம் வாய்ப்பது அரிது.

தாவர நோய்களை ஆராய்பவருக்கோ இந்த மூன்றெழுத்து ஒரு நோய்க்கிருமி: புகையிலைத் தேமல் வைரஸ். 1886இல் நெதர்லாந்தில் பணியாற்றிய அடால்ஃப் மேயர், இலையில் திட்டுத்திட்டாகப் படர்ந்த நோய்க்கு ஜெர்மன் மொழியில் மொசைக் நோய் எனப் பெயரிட்டார். நோயுற்ற இலைச்சாறு, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைத் தாண்டிய பின்னும் நோயைப் பரப்புகிறது என்று 1892இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி காட்டினார். வைரஸ் ஆய்வு என்ற துறையே அங்கிருந்துதான் முளைத்தது. 1935இல் வெண்டல் ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாக்கினார். 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் புகையிலை முன்னால் நிற்பதால் அது டி.எம்.வி. ஆகிறது. பிரெஞ்சில் வைரஸ் முன்னால் வரும். எழுத்துகள் தலைகீழாகி வி.எம்.டி. ஆகிவிடும். நம் மல்லாட்டையை வாங்கிய மார்செய்க்காரருக்கு இந்தக் குழப்பமே இல்லை. இலங்கையில் பள்ளிப் பெயரின் பின்னால் டி.எம்.வி. வந்தால் அது தமிழ் மகா வித்தியாலயம். தமிழில் எழுதும்போது த.ம.வி.

விதை ரகங்களுக்குத் திரும்பினால், ஆய்வாளர்கள் இப்போது பயிரைப் பிரித்துக்காட்ட டி.எம்.வி.யை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஜி.என். சேர்த்து எழுதுகிறார்கள், நிலக்கடலைக்கான ஆங்கிலக் குறி அது. விதை வாங்கப் போகும் உழவருக்கு அதுவும் வேண்டாம், டி.எம்.வி.யும் வேண்டாம். “ஏழா, பதிமூணா?” என்ற கேள்வி போதும்.